காதுக்காரர் கேட்ட சத்தம்

அந்தக் காரை அவள் வாங்கியபோது அதற்கு வயது ஒன்பது. கூரை பின்கதவு வரை நீளும் எஸ்டேட் கார். பின் இருக்கையை மடக்கினால் ஆறடிக் கண்ணாடி சுகமாகப் படுத்துக்கொள்ளும். படங்களுக்குச் சட்டம் போடுவது அவள் தொழில். கண்ணாடியும் மரச்சட்டங்களுமாக நிறைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறினாலும் அந்த டர்போ இன்ஜினுக்கு மூச்சு வாங்காது.

சர்வீஸ் பில்லைப் பார்த்து மூச்சு வாங்கியது அவள் கணவருக்குத்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். சாதாரண ஆயில் அந்தக் காருக்கு ஆகாது. விலை கூடியதுதான் வேண்டும், அதையும் மற்ற கார்களைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஒரு வருடம் தண்ணீர் பம்ப், அடுத்த வருடம் டைமிங் பெல்ட்.

"மாப்பிள்ளை இந்தத் தடவை எதுக்கு முறுக்கிக்கிட்டாராம்?" என்று காரைக் காட்டிக் கேட்பார். ஆனால் ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அது அவளை நடுத்தெருவில் நிறுத்தியதில்லை. அதை அவரும் ஒப்புக்கொள்வார்.

ஏழாம் வருடம் ஒரு காலையில், மேம்பாலத்தில் பாதி ஏறியதும் கார் திணறியது. மிதிக்க மிதிக்க விசில் மாதிரி ஒரு சத்தம் வந்ததே தவிர வேகம் ஏறவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்த, உருட்டாத குறையாக மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அவரை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டர்போ போயிடுச்சும்மா."

"நிச்சயமாவா அண்ணா?"

"முப்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

புது டர்போவுக்கு ஆகும் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டியது. "இதுக்குக் கணக்கு வாத்தியாரே வேணாம்மா, குடுத்துடு" என்றார் கணவர். பாகங்களைக் கழற்றி விற்றுக்கொள்ளலாம் என்று காதுக்காரரே ஒரு சொற்ப விலைக்குக் கேட்டார். சம்மதித்தாள். பின்பக்கம் விரித்திருந்த பழைய போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

பதிலுக்கு வாங்கிய சின்னக் கார் சமர்த்து, செலவு வைக்காது. ஆனால் நீளச் சட்டங்களின் நுனி அதன் முன்கண்ணாடியில் இடித்தது. நடனப் பள்ளிக்குச் செய்த பெரிய கண்ணாடியை வாடகை வேனில் அனுப்பினாள். மூலைக்கு மூலை விரிசலோடு போய்ச் சேர்ந்தது. தன் செலவிலேயே இன்னொன்று செய்து கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை காலை, அவள் பட்டறை வாசலில் அந்தப் பழைய கார் வந்து நின்றது. காதுக்காரர் இறங்கினார். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"டர்போவைக் கழட்டினேம்மா. துளி ஆட்டம் இல்ல, வழுக்கிக்கிட்டு சுத்துது. அப்புறம்தான் பார்த்தேன், அதுலேர்ந்து இன்ஜினுக்குக் காத்து போற ரப்பர் குழாய்ல அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிசல். அது வழியா காத்து போய்த்தான் விசிலடிச்சிருக்கு."

"அப்ப டர்போ?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே அண்ணா! கண்ணாடி ஒண்ணு உடைஞ்சுபோச்சு. ஒரு மாசமா வேன்காரர் பின்னாடி அலையுறேன்."

"பார்த்திருக்கணும்" என்றார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. அதற்குமேல் அவளுக்குத் திட்ட வரவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து வந்த கணவர், "நீங்க பேசாம நல்ல விலைக்கு வித்திருக்கலாமே. எங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார்.

"ஒருத்தர் முன்பணமே நீட்டினார் சார். வாங்கக் கை வரலை. நான் குடுத்ததை மட்டும் திருப்பிக் குடுங்க, போதும். புதுக் குழாய் போட்டுட்டேன், அது என் செலவு."

கணவர் அவளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சின்னக் காரை நான் ஸ்கூலுக்கு எடுத்துக்கிறேன். எப்படியும் நீ என்னைக் கேட்கப் போறதில்ல" என்றார்.

காதுக்காரரை அவர் பட்டறையில் விட அவளே ஓட்டிப்போனாள். மேம்பாலத்தில் லேசாகத்தான் மிதித்தாள். கார் குபுக்கென்று முன்னால் பாய்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பட்டறை வந்தது. "உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஒரு நிமிஷம் ஓடட்டும், டர்போ சூடு ஆறணும்" என்றார் அவர்.

அந்த ஒரு நிமிடத்தில், டாஷ்போர்டு பெட்டியிலிருந்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு, கீழே நிதானமாக எழுதினார்: 'ரப்பர் குழாய் மாற்றியது. முதலில் டர்போ என்று தவறாகச் சொன்னது நான்.' கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.