முதலைக்கும் கொடுத்த கைவிசேடம்

சித்திரை வருடப்பிறப்பன்று காலை, ஒஸ்லோவின் ஒரு முதியோர் இல்லத்தில் சிவகுருவின் கால்நகங்கள் வெட்டி மினுக்கப்பட்டன. அவர் கேட்கவில்லை. பென்சனில் பெரும்பங்கை இல்லம் எடுத்துக்கொண்டபின் கைச்செலவுக்கென்று மிஞ்சுவது அலுவலகக் கணக்கில் படுத்துக் கிடந்தது. கிடக்கிற காசு அவருடைய நலனுக்குச் செலவாக வேண்டும் என்று தாதிமார் கூடிப் பேசி, அதைக் கால்களில் இறக்கிவிட்டார்கள். பத்து விரல்களும் கலியாண மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. சிவகுரு அவற்றை வேறு யாருடையவோ கால்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு நூறு குரோனர் தாள். மத்தியானம் மகன் பிரசாந்தன் ஹொல்ம்லியாவிலிருந்து வருவான். வருடப்பிறப்பன்று மூத்தவர் கையால் வெற்றிலையில் வைத்துத் தரும் காசு, கைவிசேடம், கொடுக்க வேண்டும். மட்டக்களப்பில் இருந்த காலந்தொட்டு ஒரு வருடமும் தவறியதில்லை. ஒருமுறை வாவிக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலைக்கும் வெற்றிலையில் சுற்றி ஒரு ரூபாய் வைத்தார். அதன்பிறகு அது அவருடைய ஆடுகளைத் தொட்டதேயில்லை. அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளும். இதை யாழ்ப்பாணத்துப் பெண்ணான தாதி யூலியாவுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் முதலை ஒரு முழம் வளர்ந்திருந்தது.

அலுவலகத்துக்குப் போன யூலியா வெறுங்கையோடு வந்தாள்.

“உங்கட காசுக்குப் பொறுப்பு மகன்தானே ஐயா. அவர் ஓமெண்டாத்தான் காசாக் கையில தருவினமாம். ஒருக்கா போன் எடுத்துக் கேக்கட்டே?”

“வேணாம் புள்ள.”

போன மாரியில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொறுப்பு அது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் வெறுமையாக மடியில் கிடந்தது.

“அப்ப நான் தாறன். பிறகு தாங்கோவன்.”

“கடன் காசில கைவிசேடமா? முதலகூட வாங்காது.”

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு சலாட் இலை வந்தது. அதைத் தனியே எடுத்து, குழாயில் கழுவி, மடித்து வைத்துக்கொண்டார்.

பிரசாந்தன் வருடப்பிறப்புக்குப் பொங்கிய சர்க்கரைப் புக்கையோடு வந்தான். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, தலை நரைத்தவன், சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினான். சிவகுரு இலையை வைத்தார். அவன் மடிப்பை விரித்தான். உள்ளே ஒன்றுமில்லை.

“என்னட்டச் சொல்லியிருந்தா எடுத்துத் தந்திருப்பனே அப்பா.”

“உன்னட்ட வாங்கி உனக்கே தாறதா மனே?”

அவன் இலையைத் திரும்ப மடித்து, கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு கீழே பார்த்து, “நகமெல்லாம் வடிவா இருக்கு,” என்றான்.

“ஓம். விலையான நகம்.”

இலையின் ஈரம் சட்டையில் ஊறத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு நாணயத்தின் அளவு. அது மெல்லப் பெரிதாவதைச் சிவகுரு பார்த்துக்கொண்டிருந்தார்.