பெட்டி மேல் பழி

நான் செய்த பொருள் என் கண்ணெதிரிலேயே மக்கர் பண்ணினால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஞாயிறு மதியமும் இறங்கவில்லை. தங்கையின் கிதாருக்காக ஒரு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் நானே ஈயம் வைத்துச் செய்த எஃபெக்ட் பெடல் அது; காலால் மிதித்தால் கிதார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் பெட்டி. முந்தின நாள் வரை வீடே அதிரக் கரகரத்த பெட்டி, ஊமையாகி மேஜை மேல் கிடந்தது. காலால் மிதித்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. மறுபடி மிதித்தால் கிதாரின் வெறும் சத்தம் ஒழுங்காக வருகிறது.

ஆறு மணிக்கு நூலக அரங்கில் அவள் வாசிக்க வேண்டும். முதல் மேடை. இப்படி முதல் மேடை என்று கிளம்புவது இது மூன்றாவது தடவை. முதலில் தலைவலி என்றாள், அடுத்த தடவை கம்பி அறுந்துவிட்டது என்றாள். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று நூலகத்து அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"விடுக்கா, இது சரியாகாது," என்றாள் தங்கை, கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே. "அந்தக் கரகர சத்தம் இல்லாம என் பாட்டு எடுபடாது. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

"வாய மூடு. போன கீழ வை."

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் எந்த மாடியில் நின்றது என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கேயும் அதையே செய்தேன். திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். பேட்டரி சரியாக இருந்தது. ஒரு வயரின் நுனியில் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். "நீ பாட்டுக்குக் கம்பியத் தட்டிக்கிட்டே இரு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, சத்தம் எதுவரை வருகிறது என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நுழையும் இடத்தில் வந்தது. முதல் டிரான்சிஸ்டரைத் தாண்டியும் வந்தது. இரண்டாவதைத் தாண்டியதும் அலறியது. "என்ன, வீட்டுக்குள்ள லாரி வந்துடுச்சா?" என்று என் கணவர் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தார். வால்யூம் திருகு வரைக்கும் எல்லாம் கச்சிதம். அங்கிருந்து கால் சுவிட்சுக்கு ஒரு மஞ்சள் வயர் போகிறது. அதன் சுவிட்ச் பக்கத்து முனையைத் தொட்டேன். பேச்சு மூச்சில்லை.

வயரை இடுக்கியால் லேசாகத் தூக்கினேன். சர்க்யூட் அட்டைக்கு அடியில் அது இரண்டு துண்டாக இருந்தது. தானாக அறுந்த வயரின் நுனி பிசிறு பிசிறாக நிற்கும். இது இரண்டு பக்கமும் மட்டமாக இருந்தது. போதாததற்கு, வெளியே தெரியாதபடி நுனிகளை ஒட்டினாற்போல வளைத்தும் வைத்திருந்தது.

கட்டில் பக்கம் கம்பி தட்டும் சத்தம் நின்றது.

"இது தானா அறுந்ததில்ல," என்றேன். "வெட்டினது."

அவள் தரையைப் பார்த்தாள். "நான்தான்க்கா. காலைல, நீ குளிக்கப் போனப்ப."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏண்டி?"

"பயமா இருக்குக்கா. பயம்னு வெளிய சொல்ல அசிங்கமா இருக்கு. பெட்டி ரிப்பேர்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பழி பெட்டி மேல போயிடும்."

"அந்தப் பெட்டிய யாரு செஞ்சதுன்னு நூலகத்து அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓ! எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனே, எங்கக்கா செஞ்சதுன்னு..." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. திறந்த வாய் மூடாமல் என்னைப் பார்த்தாள். "அய்யய்யோ!"

"ஆமா, அய்யய்யோதான். ஒரு டப்பா கூட ஒழுங்கா செய்யத் தெரியலன்னு பேசுவாங்க. அப்புறம் நான் பாத்த லிஃப்ட்ல எவன் ஏறுவான்?"

விளையாட்டாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது விளையாட்டாக இல்லை. ஒரு மாத வேலையை ஒரே வெட்டில் வெட்டியிருக்கிறாளே என்று உண்மையிலேயே வலித்தது. அந்த வயரை ஒட்ட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒட்டவில்லை.

"போறதும் போகாததும் உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, சால்டரிங் அயர்னை எடுத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள். ஈயத்தை அப்பு அப்பென்று அப்பினாள். என் வேலையில் எவனாவது இப்படி ஒட்டியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் மிதித்ததும் பெட்டி கத்தியது.

அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெடலை மிதித்தாள், ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் விரல் வழுக்கியது. நாராசமாக ஒரு சுரம் கூடம் முழுக்கக் கரகரத்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். நூலகத்து அம்மா குனிந்து பெட்டியைப் பார்த்தார். ஓடிவிடுவாள் என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க. பெட்டி நல்லாத்தான் இருக்கு, எங்கக்கா செஞ்சது. தப்பா வாசிச்சது நான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.