படத்துக்குள் கிடந்த பார்சல்

சம்பளம் இல்லாமல் ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அதற்குப் பின்னால் வேறு ஆள் இருக்கிறான். இதுதான் என்னுடைய எண்ணம். ஆனபடியால் நஜ்முன் நிஸா கொம்பியூட்டர் விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறாள், அதுவும் சும்மா எழுதுகிறாள் என்று அறிந்தபோது எனக்கு அது துண்டாய்ப் பிடிக்கவில்லை.

மூதூர்ச் சண்டையோடு உடுத்த உடுப்போடு இந்தத் திருகோணமலைக் கரைக்கு வந்த பிள்ளை அவள். அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள். இங்கே சந்தைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் கொமினிகேசன் கடை போட்டிருந்தாள். ரெலிபோன், போட்டோக் கொப்பி, இரண்டு கொம்பியூட்டர். கடையைத் திறந்து, கூட்டி, பூட்டுகிறது என்னுடைய வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கின ஆளுக்கு அதைவிட வேறு என்ன வேலை தருவார்கள்?

மத்தியானத்துக்குப் பிறகு ரோட்டில் நாய்கூடத் திரியாத காலம். அப்போதுதான் பிள்ளை விளையாடுவாள். உலகத்தில் சில பேர் வீட்டில் இருந்து தங்கட பாட்டில் விளையாட்டுச் செய்து, கொம்பியூட்டர் வழியாக ஊருக்கெல்லாம் இனாமாய்க் கொடுக்கிறார்களாம். இருபது வருசத்துக்கு முந்தின விளையாட்டைப் போல வேண்டுமென்றே செய்கிறார்களாம். பிள்ளை விளையாடிப் பார்த்து நல்லது கெட்டதை எழுத, அதை ஆர் ஆரோ வாசிக்கிறார்களாம்.

“புதுச் சாமான் கையில இருக்க, ஏன் பழசு மாதிரிச் செய்யவேணும்?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு விருப்பம், ஐயா.”

“விருப்பமாம். வேற என்னத்தையோ மறைக்கிறாங்கள்.”

“நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க.”

“அதாலதான் இந்த வயசு மட்டும் உயிரோட இருக்கிறன்.”

ஒருநாள் நோர்வேயில் இருந்து ஒரு புது விளையாட்டு வந்தது. செய்தவன் அங்கே பஸ் ஓட்டுகிறவனாம். முன்னப்பின்ன விளையாடாத ஆளிடம் கொடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் முட்டுப்படுகிறார் என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தானாம்.

“ஒண்டும் தெரியாத ஆள் ஒராள் வேணும், ஐயா.”

“திருகோணமலையில என்னை விட்டா வேற ஆள் கிடைக்கல்லையோ?”

பிள்ளை சிரித்துக்கொண்டு கதிரையை என் பக்கம் தள்ளினாள்.

படம் பன்பாய் பின்னினதுபோலக் கட்டம் கட்டமாய் இருந்தது. அடியில் மூன்று குறி: கண், கை, வாய். கண்ணைத் தொட்டால் பார்க்கலாம், கையைத் தொட்டால் எடுக்கலாம், வாயைத் தொட்டால் கதைக்கலாம். கப்பலால் இறங்கின மனிசன் ஒருவன் இறங்குதுறை ஜெட்டியில் நிற்கிறான். காலில் சப்பாத்துக்கூட இல்லை, வெறுங்கால். தான் ஆரென்று அவனுக்கே தெரியாதாம்.

“அடையாள அட்டை, ஐசி?” என்றேன்.

“இல்ல.”

“பேரும் இல்லை, ஐசியும் இல்லை. இவனை ஆர் இறங்க விட்டது?”

“அது கதை, ஐயா. விளையாடுங்க.”

ஜெட்டியின் அந்தத்தில் ஒரு கேற். கேற்றடியில் துவக்கோடு காவல் நிற்கிற ஒரு சென்றிக்காரன். அவனுக்குப் பின்னால் எண்ணெய்த் தாங்கிகள். ஜெட்டி நடுவில், சணல் கயிறு சுத்தின ஒரு பார்சல் தன்பாட்டில் கிடந்தது.

ஆளில்லாத பார்சல் என்றால் எங்கட ஊரில் குண்டு. நான் என்ன செய்வேன்? மவுஸைப் பிடித்து அந்த மனிசனைப் பார்சலுக்குக் கிட்டப் போகாமல் கரையோரமாய்ச் சுற்றி நடத்திக்கொண்டு போனேன். தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன். வாயைத் தொட்டுச் சென்றிக்காரனிடம் பார்சலைப் பற்றிச் சொன்னேன். அவன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

“அது என்ர இல்லை, எனக்கு வேலை இருக்கு, போ எண்டு சொல்றான்” என்றாள் பிள்ளை.

திரும்பவும் சொன்னேன். அதே பதில். நாலைந்து நாளாய் மத்தியானம் மத்தியானம் இருந்து சொன்னேன். அதே பதில்தான். எனக்கு விளங்கவில்லை. பார்சல் கிடக்கிறது என்று ஒருவன் வந்து சொல்கிறான். சென்றிக்காரன் திரும்பியும் பார்க்கிறானில்லை. அது என்ன நாடு?

உதவி செய்யக்கூடாது என்பது சட்டமாம். பிள்ளை பின்னால் பேசாமல் இருப்பாள். பொறுக்க ஏலாமல் ஒருநாள் மட்டும், “ஐயா, அதில கை ஒண்டும் இருக்கு” என்றாள்.

“இருக்கட்டும்” என்றேன்.

அடுத்த கிழமை ஒருநாள் காலமை சுற்றிவளைப்பு. சந்தைப் பக்கம் முழுக்க நேவி. எங்கட கடைக்குள் வந்தவன் இளம் ஒவ்விசர், கூட ஒரு சிப்பாய். சனம் வராதபடியால் நான் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருந்தேன். எழும்பினேன். விளையாட்டை மூடத் தெரியாது. ஒவ்விசர் படத்தைப் பார்த்தான். ஜெட்டி, துவக்குக்காரன், தாங்கி, பார்சல். அவன் முகம் மாறினது.

“ஆற்ற கடை?”

பிள்ளை முன்னுக்கு வந்து ஐசியைக் கொடுத்தாள். அதில் மூதூர் என்று கிடந்தது. சண்டை நடந்த ஊர், அது வேறு சந்தேகம். இது விளையாட்டு, சேர் என்று சிங்களத்திலும் சொன்னாள், இங்கிலீஷிலும் சொன்னாள். அவன் காதில் விழுத்தவில்லை. சந்தியில் நின்ற லொறிக்கு அவளைக் கொண்டுபோகச் சொன்னான். பொம்பிளைப் பொலிஸ் வந்து கையைப் பிடித்தது. லொறியில் ஏற்றின எல்லாரும் திரும்பி வருவதில்லை. அது எங்களுக்கும் தெரியும், ஏற்றுகிறவனுக்கும் தெரியும். பிள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பாராமல் போனாள்.

ஒவ்விசர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டான். துறைமுகத்தில் பழகின சிங்களம் எனக்குப் போதும்.

“சீயா, இது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிதானே?” என்றான். கிழவனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“இல்லை, மாத்தயா. அங்க தாங்கி கனக்க. இதில கொஞ்சந்தான்.”

“ஆ, அப்ப எண்ணி வைச்சிருக்கிறாய்?”

வாயைத் திறந்தால் இதுதான் நடக்கும்.

“ஆர் செய்தது இதை?”

“வெள்ளைக்காரன்.”

“எந்த நாட்டு வெள்ளைக்காரன்?”

நோர்வே என்று சொல்கிற காலமா அது? சமாதானம் பேச வந்த நாடு என்று அவர்களும் திட்டுவார்கள், கைவிட்டுப் போன நாடு என்று எங்கட ஆட்களும் திட்டுவார்கள்.

“வெள்ளைக்கார நாட்டு வெள்ளைக்காரன், மாத்தயா.”

“சரி. விளையாட்டெண்டு அவள் சொல்றாள். விளையாடிக் காட்டு. விளையாட்டுத்தான் எண்டா அவளை இறக்கிவிடுறன். இல்லையெண்டா உன்னையும் ஏத்துவன்.”

நான் இருந்து மவுஸைப் பிடித்தேன். கண்ணை வானத்தில் வைத்தேன். எழுத்து வந்தது. அவனுக்கு இங்கிலீஷ் தெரியும், வாசித்தான்.

“‘நல்ல வானம்’ எண்டு போட்டிருக்கு. பிறகு?”

கடலில் வைத்தேன்.

“‘நல்ல கடல்.’ பிறகு?”

சென்றிக்காரனோடு கதைத்தேன். போ என்றான். பிறகும் கதைத்தேன். பிறகும் போ என்றான்.

“இவன் ஏன் ஐசி கேக்கிறானில்லை?” என்றான் ஒவ்விசர்.

“நானும் அதைத்தான் முதல்ல கேட்டனான், மாத்தயா.”

“இதில சண்டை எங்க? பந்து எங்க? வெல்றது எப்பிடி?”

“தெரியாது.”

“எத்தினை நாளாய் விளையாடுறாய்?”

“ஒரு கிழமை இருக்கும்.”

“ஒரு கிழமையாய் வானத்தையும் கடலையும் பாத்துக்கொண்டு நிக்கிறாய். அதுக்குப் பேர் விளையாட்டில்லை, சீயா. அதுக்கு எங்கட ஆக்கள் வேற பேர் வைச்சிருக்கினம்.”

அந்தப் பேர் எனக்கும் தெரியும். வேவு. பிள்ளையை இறக்க வந்த ஆள் நான், இப்போது இன்னும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவன் திரையில் விரலை வைத்தான். “இது என்ன பார்சல்?”

“தெரியாது, மாத்தயா.”

“உள்ளுக்க என்ன?”

“தொடேல்லை.”

“ஒரு கிழமையாய்த் தொடேல்லையா?”

“மாத்தயா எண்டாத் தொடுவீங்களோ?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கினது. ஒவ்விசர் மவுஸைத் தன் பக்கம் இழுத்தான். கையைத் தொட்டான். அந்தச் சின்னக் கை திரையில் ஊர்ந்து ஊர்ந்து பார்சலுக்குக் கிட்டப் போனது.

“சேர், வேண்டாம்” என்றான் வாசலில் நின்ற சிப்பாய்.

“படம்தானே, மடையா.”

“படம்தான் சேர். ஆனா வேண்டாம்.”

ஒவ்விசர் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. விரல் மவுஸில் இருந்தது, அமத்தவில்லை. அவன் எங்கே என்னத்தைக் கண்டவனோ எனக்குத் தெரியாது. கொம்பியூட்டரைப் பார்த்தான், கடைக் கதவைப் பார்த்தான். பார்சலைத் தொட்டால் இந்தப் பெட்டியே வெடிக்கும்படி செய்திருக்கலாம் என்று அவன் யோசித்திருப்பான். அப்படிச் செய்ய ஏலுமோ ஏலாதோ, எனக்கென்ன தெரியும். அவன் யோசிக்க நானும் அதையே யோசித்தேன். கதிரையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினேன். அவனும் தள்ளினான். சிப்பாய் எப்பவோ ரோட்டில் இறங்கிவிட்டான்.

“நீ அமத்து” என்றான் என்னைப் பார்த்து.

“ஏலாது, மாத்தயா.”

“நான் சொல்றன், அமத்து!”

“சுட்டாலும் ஏலாது.”

சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்ததோ என்று பார்த்தேன். இல்லை. தலையைத் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல. பிறகு வாசலுக்குப் போய்க் கத்தினான்: “அந்தப் பொம்பிளையை இறக்கிக் கொண்டுவா!”

நஜ்முன் நிஸா வந்தாள். கண் சிவந்திருந்தது. நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் சுவரோடு நிற்க, கொம்பியூட்டர் தனியாய்க் கிடந்தது.

“அந்தப் பார்சலை எடு” என்றான் ஒவ்விசர்.

“எடுத்தா விடுவீங்களா, சேர்?”

“எடு.”

அவள் இருக்கவும் இல்லை. நின்றபடியே குனிந்து, கை, பார்சல், டக் என்று அமத்தினாள். நான் கண்ணை மூடினேன். ஒரு பீப்பீப் பாட்டு வந்தது, கோயில் திருவிழாவில் விற்கிற ஊதுகுழல் மாதிரி. கண்ணைத் திறந்தேன். பார்சல் பிரிந்து கிடந்தது. ஒரு சோடி சப்பாத்து.

“சப்பாத்தா?” என்றான் ஒவ்விசர்.

பிள்ளை சப்பாத்தை அந்த மனிசனுக்குப் போட்டு, சென்றிக்காரனிடம் கொண்டுபோனாள். சென்றிக்காரன் ஏதோ சொன்னான். ஒவ்விசர் கிட்ட வந்து வாசித்தான். வாசித்ததை நம்பாமல் திரும்பவும் வாசித்தான்.

“‘நல்ல சப்பாத்து, உள்ளே போ’ எண்டு கேற்றைத் திறக்கிறான்! சப்பாத்துக்குக் கேற்றைத் திறக்கிறான்! ஐசி இல்லை, செக்கிங் இல்லை. இவனுக்கு ஆர் துவக்குக் குடுத்தது?”

“விளையாட்டு, சேர்” என்றாள் பிள்ளை.

“விளையாட்டுத்தான். இப்பிடி ஒரு சென்றி உலகத்தில ஒரு இடத்திலயும் இல்லை.” ஐசியை மேசையில் போட்டான். போகத் திரும்பினவன் நின்றான். “அதை அழி.”

“விளையாட்டெண்டு நீங்களே சொன்னீங்க, சேர்.”

“ஓம், சொன்னனான். அழி.”

அவன் பார்த்துக்கொண்டு நிற்க அழித்தாள். பிறகு போனார்கள். லொறியும் போனது, அதில் இருந்த மற்ற ஆட்களோடு.

இன்று மட்டும் எனக்கு அது விளங்கவில்லை. விளையாட்டு என்றால் ஏன் அழிக்கவேண்டும்? விளையாட்டு இல்லை என்றால் பிள்ளையை ஏன் விட்டான்? தான் தொடப் பயந்ததை நாங்கள் வைத்திருக்கக்கூடாது என்றோ? ஆரிடம் போய்க் கேட்கிறது.

பிள்ளை கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தாள். குடித்து முடிந்ததும் என்னில் பாய்ந்தாள்.

“ஒரு கிளிக், ஐயா! ஒரே ஒரு கிளிக்! நீங்க அமத்தியிருந்தா நான் அந்த லொறியில அவ்வளவு நேரம் இருந்திருப்பனா? என்ர உம்மாட முகத்த நினைச்சி நினைச்சி...”

“அமத்தியிருந்தா உன்னை இறக்கியிருக்கமாட்டான். அமத்த ஆள் இல்லாதபடியாத்தான் இறக்கினவன்.”

நான் சொன்னது சரியோ என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

கொஞ்சநேரம் போக அவள் எழுத இருந்தாள். விளையாட்டு இல்லை, விமர்சனம் மட்டும் மிச்சம்.

“முதல் கட்டம் மெத்த லேசு, சின்னப்பிள்ளையும் பார்சலை எடுக்கும் எண்டு எழுத இருந்தனான்” என்றாள். “இனி எப்பிடி எழுதுற?”

“உள்ளதை எழுது. கடற்கரையில ஆளில்லாமக் கிடக்கிற பார்சலை ஒரு மனிசனும் தொடான். தொடச் சொல்றவன் மனிசரை அறியாதவன். அந்தச் சென்றிக்காரனை வேலையால நிப்பாட்டவேணும்.”

அவள் தட்டினாள். எழுத்து ஓடினது. எனக்குத் திடீரென்று பயம் வந்தது.

“என்ர பேரைப் போட்டனியோ?”

“சின்னராசா எண்டு போடவா?”

“போடாதை. ஊரும் போடாதை. வயசும் வேண்டாம். எந்த நாடெண்டும் வேண்டாம்.”

“சரி, ஐயா. ‘ஒருவர் சொன்னார்’ எண்டு போடுறன்.”

யோசித்துப் பார்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை. “ஒருவர் எண்டா? ஆரெண்டு தெரியாதவன் சொன்னதை அந்த நோர்வேக்காரன் ஏன் நம்பவேணும்? நானெண்டா நம்பமாட்டன்.”

“அப்ப என்ன போட, சொல்லுங்க.”

பேரும் ஐசியும் இல்லாமல் ஜெட்டியில் நின்ற அந்த மனிசனின் ஞாபகம் வந்தது. அவள் விரலை விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியில் கடைக்காரர் ஒவ்வொருவராய்ப் பலகை திறக்கிற சத்தம் கேட்டது.