நிஜமா வந்தா வர்றேன்

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறவர் வீட்டிலும் சும்மா இருப்பாரா? மூன்றாவது மாடி வீட்டில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலநடுக்க ஒத்திகைக்கு விசில் ஊதிவிடுவார். தண்ணீரும் மருந்தும் டார்ச்சும் வைத்த பை மகளுடைய பொறுப்பு. காஸை மூடுவதும் வீட்டுப் பத்திரங்களை எடுப்பதும் மனைவி வேலை. அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைசியாக இறங்குவார். எதிரே இருந்த காலி மனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் அவருக்கு விசில்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

கூடவே இருந்த மாமனாருக்கு மட்டும் முழங்கால் வலி. முதல் ஒத்திகையில் அவரைக் கைத்தாங்கலாக இறக்குவதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

“விளையாட்டுக்கு எதுக்கு மாப்பிள்ளை என்னைப் போட்டு இழுக்குறீங்க? நிஜமா வந்தா வர்றேன்.”

மருமகனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவர் இல்லாமல் நேரம் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு விசில் கேட்டால் மாமனார் உள்ளறையில் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

ஒரு புதன்கிழமை காலை நிஜமாகவே வந்தது. அலமாரியில் இருந்த தட்டுகள் உருண்டு விழுந்தன. கூடத்தில் இருந்த மூவரும் மேசைக்கடியில் பதுங்கினார்கள். ஆட்டம் நின்றதும் விசில் ஊதினார். பை, காஸ், பத்திரம், சுவிட்ச். யாரும் பதறவில்லை. காலி மனைக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் அவர்கள் இறங்கியதே இல்லை. ஒற்றைச் செருப்போடு தட்டுத்தடுமாறி வந்த மற்ற வீட்டுக்காரர்களைப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்பா எங்கங்க?” என்றாள் மனைவி.

மகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பழகியதைத் துளியும் பிசகாமல் செய்திருந்தார்கள்.

தரை மறுபடி லேசாக அசைந்தது. வெளியே வந்தவர்கள் எக்காரணம் கொண்டும் திரும்ப உள்ளே போகக் கூடாது என்று தொழிற்சாலையில் தொண்டை கிழியக் கத்துகிறவர், படிகளில் ஏறி ஓடினார்.

மாமனார் சட்டையை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டு, செருப்பும் அணிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நான் அப்பவே கிளம்பிட்டேன் மாப்பிள்ளை. நீங்க கூப்பிடுவீங்கன்னு உக்காந்திருந்தேன்.”

மருமகன் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக் குனிந்தார்.