முதல் ரொட்டி காரினுக்கு

டுமீல்!

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மதியம், சர்ச்சின் கீழ்த்தளத்துச் சமையலறையில் முதல் வெடி வெடித்தது. வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த வில்பர் கிழவர் மெஷினை நிறுத்திக் காதைத் தீட்டினார். இரண்டாவது வெடி. பிறகு சரவெடி மாதிரி விடாமல். மாடி அறையில் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்த பாஸ்டர் நார்லின் பேனாவும் கையுமாக மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார்.

துப்பாக்கி இல்லை. மாவு.

கடையில் அட்டைக் குழாய்க்குள் அழுத்தி அடைத்து விற்கும் பிறைரொட்டி மாவு. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய சமாச்சாரம். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று, சமையலறைப் பொறுப்பிலிருந்த காரின் என்பவள் மொத்தக் குழாய்களையும் அடுப்புக்கு மேலிருந்த பலகையில் அடுக்கியிருந்தாள். அடுப்புக்குள்ளோ ஹாம், அதாவது முழுப் பன்றித்தொடை, வெந்துகொண்டிருந்தது. சூடு ஏற ஏற மாவு உப்பி, குழாய்கள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. சுவரெல்லாம் மாவு. மின்விசிறியில் மாவு. காரினின் கண்ணாடியில் மாவு.

விடிந்தால் ஈஸ்டர். ஊரே காலை உணவுக்கு வந்து உட்காரும். பாஸ்டர் வேறு வழியில்லாமல் ட்வைலாவுக்கு போன் போட்டார்.

"ட்வைலா, உங்க வீட்ல மாவுக் குழாய் இருக்குமா?"

"வெடிச்சிடுச்சா பாஸ்டர்?"

"எப்படித் தெரியும்?"

"உள்ள ஹாம் வெந்தா மேல் பலகை கொதிக்கும். அத்தனை வருஷம் அங்க நின்னவளுக்குத் தெரியாதா?"

மறுமுனையில் பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அந்தச் சமையலறையின் சாவியைத் தன்னிடமிருந்து வாங்கிக் காரினிடம் கொடுத்ததும் இதே பாஸ்டர்தான் என்பதை ட்வைலா மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறந்ததில்லை.

விஷயம் சின்னது. மாமியார் ஹேசல் இறந்த அன்று அவர் மோதிரம் காணாமல் போனது. நடுவில் பச்சைக்கல், இரண்டு பக்கமும் பொடி வெள்ளைக்கல். ஊரில் அந்த மோதிரத்தைத் தெரியாதவர் இல்லை. "அம்மா ரூம்ல கடைசியா இருந்தது ட்வைலாதான். நான் ஒண்ணும் சொல்லலை, இருந்ததைச் சொல்றேன்" என்று சவ அடக்கத்துக்குப் பிந்தைய சர்ச் மண்டப விருந்திலேயே நாலு மேஜைக்கும் போய்ச் சொன்னாள் ஹேசலின் மகள் காரின். ட்வைலாவின் நாத்தனார்.

யாரும் 'திருடி' என்று சொல்லவில்லை. எங்கள் மேபிள் ஃபோர்க் ஊரில் அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அடுத்த ஞாயிறு ட்வைலா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், பக்கத்துப் பெண்மணி கைப்பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிறு, "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்" என்று பாஸ்டர் சாவியைக் கேட்டார்.

புருஷன் மெர்ல் என்ன சொன்னான்? "விடு ட்வைலா, அவ என் தங்கச்சி. தானா அடங்கிடும்."

அடங்கவில்லை. ட்வைலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த மண்டபத்தில் பேர் போனதோ அதே மண்டபத்தில், அதே ஜனங்களுக்கு முன்னால், காரின் வாயாலேயே அது திரும்பி வரவேண்டும்.

"கொண்டு வர்றேன் பாஸ்டர்" என்றாள்.

ஈஸ்டருக்கு முன்னால் மாவுக் குழாய் மலிவாகக் கிடைக்கும். வாங்கிக் கார் ஷெட் ஃப்ரிட்ஜில் நிரப்பி வைப்பது அவள் வழக்கம். சாவி போன பின்னும் அந்த வழக்கம் போகவில்லை.

அவள் பெட்டியோடு சமையலறையில் நுழைந்தபோது, காரின் ஏணி மேல் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. என் கைப்பையை மாடியில வெச்சுப் பூட்டிட்டேன். தப்பா நினைச்சுக்காதே, என்ன?"

"நினைக்கலை" என்றாள் ட்வைலா. "தலையில மாவு இருக்கு. சீக்கிரம் எடு, காஞ்சா முடியோட வரும்."

காரின் ஏணியிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த குழாயை எடுக்கக் குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்து சங்கிலி ஒன்று நழுவி வெளியே ஆடியது.

அதன் நுனியில் ஒரு மோதிரம். நடுவில் பச்சைக்கல்!

ஒரு கணம்தான். காரின் நிமிர்ந்ததும் சங்கிலி சட்டைக்குள் போய்விட்டது. ட்வைலா சட்டென்று திரும்பி, ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் நகர்த்தி இடம் பண்ணிக் குழாய்களை அடுக்க ஆரம்பித்தாள். வேகவேகமாக. கோபத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

இப்போதே கத்தலாம். கத்தி என்ன பிரயோஜனம்? 'சாகறதுக்கு முன்னாடி அம்மாவே குடுத்தாங்க, இப்பத்தான் அலமாரியில கிடைச்சுது' என்று கண்ணைக் கசக்குவாள். ஜனமும் நம்பும். அந்தக் கதவை முதலில் சாத்த வேண்டும். அதுவும் காரினே தன் கையால் சாத்த வேண்டும்.

அன்று சாயங்காலம் ட்வைலா நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விலைக் கடைக்குப் போனாள். பொய் நகைகள் தொங்கும் மூலையில் வெகுநேரம் நின்றாள். பச்சைக் கண்ணாடிக்கல், இரண்டு பக்கமும் பொடி வெள்ளை. எந்த விரலுக்கும் பொருந்தும்படி வளையத்தின் பின்பக்கம் வெட்டிவிட்டிருந்தது. வாங்கினாள்.

விடிகாலையில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூரியோதய ஆராதனைக்காகக் கல்லறை மேட்டுக்கு ஏறினார்கள். சமையலறைச் சாவியைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, காரின் முதல் ஆளாகப் போனாள். சமையலறையில் ட்வைலாவும் வில்பரும் மட்டும். வில்பருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. காபிக் கோப்பையோடு நாற்காலியில் இருந்தார்.

"எனக்கு ரெண்டு வை, ட்வைலா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் முட்டிக்கு."

"உங்க முட்டிதான் ஒரு தட்டு தின்னும்."

வேலை சுலபம். குழாயை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். மாவை விரித்தால் முக்கோண முக்கோணமாகப் பிரிந்து வரும். பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்றை உருக்கிய வெண்ணெயில் முக்கி, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி, முக்கோணத்துக்குள் வைத்துச் சுருட்டி, ஓரங்களைக் கிள்ளி ஒட்டவேண்டும். அடுப்பில் மார்ஷ்மெல்லோ கரைந்து காணாமல் போகும். பிய்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கிறிஸ்துவின் காலிக் கல்லறை. எங்கள் ஊர் ஈஸ்டர் காலையில் வேறெந்தப் பலகாரமும் மேஜை ஏறாது.

அதில் ஒரு வழக்கமும் உண்டு. சமையலறைச் சாவி யாரிடமோ, அவர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று முதல் ரொட்டியைப் பிய்க்க வேண்டும். ட்வைலா வருஷக்கணக்காகப் பிய்த்த ரொட்டி. இன்று காரின் பிய்க்கப்போகிறாள்.

அந்த ஒரு ரொட்டிக்குள் மட்டும் மார்ஷ்மெல்லோவோடு மோதிரமும் போனது. ஓரத்தை அழுத்தி ஒட்டி, அடையாளத்துக்கு மேலே முள்கரண்டியால் ஒரு கோடு போட்டாள்.

கடைசியில் அடுப்புத்தட்டு நாலு மிச்சம் இருந்தது. அந்த ரொட்டிகளைச் சும்மா சுருட்டி வைத்தாளே தவிர ஓரத்தை ஒட்டவில்லை.

வில்பர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? சர்க்கரையெல்லாம் வழிஞ்சு தட்டுல கல்லா ஒட்டிக்கும். தேய்க்கிறவ செத்தா."

"தெரியும்" என்றாள் ட்வைலா.

கிழவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் காபியைப் பார்த்தார்.

மண்டபம் நிறைந்தது. ஹாம், முட்டை, பட்டை வாசனை. எல்லோர் தட்டிலும் ஒரு ரொட்டி. பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். ட்வைலா தனித்தட்டில் கோடு போட்ட ரொட்டியை எடுத்துப்போய்க் காரினிடம் நீட்டினாள்.

"முதல் ரொட்டி உனக்கு."

"பரவாயில்லை கண்ணு, நல்லாத்தான் பண்ணியிருக்கே."

பாஸ்டர் குரலை உயர்த்தினார். "அவர் இங்கே இல்லை!"

"உயிர்த்தெழுந்தார்!" என்றது மண்டபம்.

காரின் ரொட்டியைப் பிய்த்தாள்.

க்ளிங்.

பீங்கான் தட்டில் மோதிரம் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பாகு பூசிய பச்சைக்கல் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. முன் வரிசையில் யாரோ, "ஐயோ, ஹேசலோட மோதிரம்!" என்று கூவினார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

காரினின் முகம் வெளுத்தது. மோதிரத்தைப் பார்த்தாள். ட்வைலாவைப் பார்த்தாள். அடுத்த கணமே அந்த முகத்தில் ரத்தம் திரும்பியது.

ட்வைலா காத்திருந்தது இதற்குத்தான். பொய்யிலேயே வாழ்கிறவள், சும்மா ஒரு பொய் கிடைத்தால் விடமாட்டாள்.

"பாத்தீங்களா?" காரின் மைக்கைப் பிடுங்கினாள். குரல் தழுதழுத்தது. "எங்கம்மா மோதிரம்! மனசாட்சி உறுத்தியிருக்கு, மாவுல வெச்சுத் திருப்பிக் குடுத்துட்டா! ரொட்டி பண்ணினது யாரு? நானா?"

மண்டபத்தின் கண்கள் மொத்தமும் ட்வைலா பக்கம் திரும்பின. மெர்ல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"ட்வைலா..." என்று ஆரம்பித்தார் பாஸ்டர்.

"ஒரு நிமிஷம் பாஸ்டர்." ட்வைலா அசையவில்லை. "காரின், நல்லாப் பாத்துச் சொல்லு. அது அத்தையோட மோதிரம்தானா?"

"எங்கம்மா மோதிரம் எனக்குத் தெரியாதா?"

"வேற ஏதாவதா இருந்துட்டா?"

"இதேதான்! இந்தச் சிலுவைக்கு முன்னால சத்தியமாச் சொல்றேன், இதுதான் எங்கம்மா மோதிரம்! அவங்க செத்த அன்னிக்கு நீ எடுத்தது! போதுமா?"

"போதும்" என்றாள் ட்வைலா. "அப்ப உன் கழுத்துச் சங்கிலியில தொங்கறது யாரோடது?"

காரினின் கை சரேலென்று நெஞ்சுக்குப் போனது.

மண்டபம் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. சட்டைக்கு மேலே, எதையோ இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கையை.

"அங்க... ஒண்ணும் இல்லை. சிலுவை."

"கையை எடும்மா, நாங்களும் சிலுவையைக் கும்பிட்டுக்கறோம்" என்றார் வில்பர், கடைசி மேஜையிலிருந்து.

ட்வைலா தட்டிலிருந்த மோதிரத்தை எடுத்து, மேஜைத்துணியில் பாகைத் துடைத்து, பாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தாள். "பின்பக்கம் பாருங்க. வெட்டி விட்டிருக்கு. நேத்து சாயங்காலம் மலிவுக் கடையில வாங்கினேன். பச்சைக்கல் கண்ணாடி."

பாஸ்டர் வளையத்தை அழுத்தினார். அது சுருங்கியது. விட்டார். விரிந்தது.

நாற்காலி ஒன்று தடாலென்று பின்னால் சாய்ந்தது. மெர்ல் எழுந்து வந்து தங்கைக்கு முன்னால் நின்றான்.

"எடு."

"அண்ணா..."

"வெளிய எடு காரின்."

சங்கிலி வெளியே வந்தது. பச்சைக்கல், இரண்டு பக்கமும் பொடி வெள்ளை. ஹேசலின் விரலில் தேய்ந்து மெலிந்த தங்க வளையம்.

"அம்மாவே எனக்குக் குடுத்தாங்க!" காரின் வெடித்து அழுதாள். "சாகறதுக்கு முன்னாடி அவங்களே..."

"அவங்க குடுத்ததை எதுக்கு ஒளிச்சு வெச்சே?" ட்வைலா குரலை உயர்த்தவே இல்லை. "எதுக்கு நான் எடுத்தேன்னு மேஜை மேஜையாப் போய்ச் சொன்னே? இப்பக்கூட, ஒரு நிமிஷம் முன்னாடி, இதுதான் அம்மா மோதிரம்னு சிலுவைக்கு முன்னால சத்தியம் பண்ணினியே. எது பொய் காரின்? மைக்ல சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

காரினின் உதடு துடித்தது. மைக் அவள் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. விசும்பல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான்தான் எடுத்தேன்."

பாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். ட்வைலாவின் தோளைத் தொட்டார். "இன்னிக்கு ஈஸ்டர் ட்வைலா. மன்னிக்கிற நாள். எல்லாரும் உங்களையே பாக்கறாங்க."

இந்தப் பேச்சு வரும் என்று அவளுக்கு நேற்றே தெரியும்.

"மன்னிச்சுட்டேன் பாஸ்டர்" என்றாள் உடனே. மண்டபம் பெருமூச்சு விட்டது. "சாவி?"

காரின் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். ட்வைலா அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சட்டைக்கு வெளியே எல்லோருக்கும் தெரியும்படி இழுத்துவிட்டாள்.

"இனிமே சமையலறையில யாருக்கு என்ன வேலைன்னு நான்தானே சொல்லணும், பாஸ்டர்?"

"ஆமா, நீங்கதான்."

"காரின், உள்ள நாலு தட்டு இருக்கு. சர்க்கரை வழிஞ்சு ஒட்டிட்டிருக்கு. ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. மெர்ல், நீயும் போ. அவ உன் தங்கச்சிதானே? தேய்ச்சா தானா அடங்கிடும்."

மெர்ல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான்.

ட்வைலா முதல் மேஜையில் போய் உட்கார்ந்தாள். முன்னொரு ஞாயிறு கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்ட அதே பெண்மணி, தானே எழுந்து காபி ஊற்றினாள். ட்வைலா நன்றி சொல்லவில்லை. தன் ரொட்டியைப் பிய்த்தாள். உள்ளே சுத்தமாகக் காலி. இனிப்பு விரலில் ஒட்டியது; நிதானமாக நக்கினாள். உள்ளேயிருந்து இரும்பு நார் தட்டைக் கரகரவென்று சுரண்டும் சத்தம் நிற்காமல் வந்தது. இப்படி ஒரு பாட்டை அவள் கேட்டதே இல்லை.

அரைமணி கழித்து, மேஜைகளில் கிடந்த எச்சில் தட்டுகளைச் சேகரிக்கக் காரின் வெளியே வந்தாள். கண் வீங்கி, கை சிவந்து, முடியில் இன்னும் காய்ந்த மாவு. ஒவ்வொரு மேஜையாகத் தலை நிமிராமல் வந்து, ட்வைலாவின் நாற்காலியருகே தயங்கி நின்றாள்.

ட்வைலா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை மெதுவாக எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதே கண்ணு."