வானத்தில் மூன்று புள்ளிகள்

ஜன்னல் திரை மறுபடியும் அசைந்தது.

தனுஜா பார்க்காதவள் போல ஹெல்மெட்டைக் கழற்றினாள். புக்கிட் பெலிம்பிங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வீடு. 'டிஎஸ்எல்ஆர் கேமரா, லென்ஸோடு 700 வெள்ளி. இரண்டே கல்யாணம் எடுத்தது' என்று பேஸ்புக்கில் விளம்பரம். இதே மாடல், பழையதே, வேறெங்கும் ஆயிரத்து நூறுக்குக் குறையவில்லை. இங்கே மட்டும் ஏன்?

அவள் கையில் இருந்ததும் எழுநூறு ரிங்கிட்தான். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சோவில் கண்மணி அக்காவின் மகளுக்குச் சடங்கு. ராவாங் தொழிற்சாலையில் பக்கத்து மெஷின் கண்மணி. "நானே போட்டோ எடுக்கிறேன்கா" என்று இவள் வாயை விட, கண்மணி ஏற்கெனவே பேசி வைத்திருந்த போட்டோக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இன்று வியாழன்.

"உள்ள வா தங்கச்சி, வெளிய ஒரே வெயிலு" என்றான் விளம்பரம் போட்டிருந்த புவனேசன். நாற்பது வயதிருக்கும். கேமராவைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான்.

ஹாலில் அரை இருட்டு. சாமி படத்தை அவனே 'க்ளிக்' செய்து காட்டினான். பளிச்சென்று இருந்தது.

"எத்தனை ஷாட் எடுத்திருக்குண்ணே?"

"நாலாயிரம்கூட இருக்காது லா."

படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி எண்ணிக்கையைப் பார்த்தாள். 3,812. ரசீது கேட்டாள். அவன் பெயரிலேயே இருந்தது. திருட்டுப் பொருள் இல்லை. தேய்ந்ததும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"வெளிய ஒரு படம் எடுத்துப் பாக்குறேன்."

"எதுக்கு? உள்ளயே நல்லாதானே வருது?" அவன் குரல் அரை நொடி தடுமாறியது.

தனுஜா வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு வாரமாக யூடியூப் பார்த்ததில் ஒன்று மனதில் நின்றிருந்தது. லென்ஸின் துளையைப் பதினாறுக்குச் சுருக்கி, வெறும் வானத்தை எடு. உள்ளே கோளாறு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எடுத்தாள். வெளிர்நீல வானத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள்.

"என்னண்ணே இது?"

"பறவையா இருக்கும்."

வேறு பக்கம் திரும்பி இன்னொன்று எடுத்தாள். "ரெண்டு படத்துலயும் அதே இடத்துல நிக்குதே! போஸ் குடுக்குதுங்களா?"

புவனேசன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "சென்சார் போயிருச்சு தங்கச்சி. மாத்தணும்னா ஆயிரம் வெள்ளியாம், கூட்டாளி சொன்னான். ஆயுத பூஜைக்கு லென்ஸைக் கழட்டி, தனித்தனியா சாமி முன்னால வெச்சோம். மறுநாளே இப்படி. எவன் கண்ணு பட்டுச்சோ!"

தனுஜா மெல்ல லென்ஸைக் கழற்றினாள். உலோக வளையத்தின் இடுக்கில் சாம்பல் நிறத் தூள். ஓரத்தில் துளி குங்குமம்.

விபூதி!

படம் பதியும் சென்சார் போகவே இல்லை, அதன்மேல் இந்தத் தூள் படிந்திருக்கிறது. ராவாங் கடையில் நூறு வெள்ளிக்குத் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள். சட்டென்று லென்ஸை மாட்டினாள்.

"கெட்டுப்போனதுக்கு எழுநூறாண்ணே?"

"நானூறு குடு. எடுத்துட்டுப் போ."

நானூறை எண்ணிக் கொடுத்தாள். வரும்போது மறைத்தவன் அவன். இப்போது மறைப்பவள் இவள். பையைத் தோளில் மாட்டி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

"ஏய், நில்லு!"

பெண் குரல். திரைக்குப் பின்னால் நின்றவள். புவனேசனின் மனைவி அம்சவள்ளி, வெறுங்காலோடு ஓடி வந்தாள். தெரிந்துவிட்டது! தனுஜா பையை இறுக்கிப் பிடித்தாள்.

"சார்ஜர விட்டுட்டுப் போறியே! இது இல்லாம என்னத்த எடுப்ப?"

கறுப்பு ஒயர் சுற்றிய சார்ஜரை நீட்டினாள். அது இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பாதிச் சடங்கிலேயே கேமரா செத்திருக்கும்.

தனுஜா மோட்டாரை அணைத்தாள். "அக்கா... கேமரா கெடல. உள்ள விபூதி விழுந்திருக்கு. தொடச்சா சரியாயிடும். கிளீன் பண்ண நூறு போக, இன்னும் எரநூறு இருக்கு. வாங்கிக்குங்க. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அம்சவள்ளியின் முகம் வெளுத்தது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டுகளைத் தனுஜாவின் பைக்குள்ளேயே திணித்தாள்.

"மெதுவா பேசு! காசும் வேணாம், ஒண்ணும் வேணாம், மொதல்ல கெளம்பு. பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணுதான்னு மூணு மாசமா அந்த மனுசன் அவங்களோட பேசுறதே இல்ல." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "பூஜைக்குக் கழட்டி வெச்சப்ப கேமரா உள்ள ஒரு குட்டிக் கண்ணாடி தெரிஞ்சுச்சு. அதுக்கும் சேத்து விபூதி போட்டது நான் லா!"