பிடி உடைந்த கப்

"எத்தனை நாளுன்னு கேட்டாங்க சார். ஆறு வருசம்னு சொல்லிட்டேன்."

பால்கனியில் உட்கார்ந்திருந்த செங்கம்மாள் இதைச் சொன்னதும், சமையலறையில் என் மனைவி லீலாவதியின் கரண்டிச் சத்தம் நின்றது.

அது 1981. டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. செங்கம்மாள் காலையில் எங்கள் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு, மாலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் அசிஸ்டென்ட் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தேறினால் வார்டில் வேலை. தேறாவிட்டால் எங்கள் எச்சில் தட்டுதான்.

பயிற்சியில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நான் அர்த்தம் சொல்வேன். பெட்பேன், பல்ஸ், ஐசொலேஷன். கூடத்தில் நாற்காலியில் நான். பால்கனியில் தரையில் அவள். அவள் கூடத்தைப் பெருக்கலாம், சமையலறைப் படியைத் தாண்டக் கூடாது. அவள் டீ குடிக்கிற பிடி உடைந்த பீங்கான் கப், பால்கனிச் சுவரின் மாடத்தில் தனியாக இருக்கும். லீலாவதி அதில் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஒரு சொட்டு சிந்தாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீண்டாமை குற்றம் என்கிற சுற்றறிக்கை என் ஆபீஸ் மேசை வழியாகத்தான் போயிற்று. அதில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன்.

"நேத்து பரீட்சையில ஐசொலேஷன்னா இன்னான்னு கேட்டாங்க. தட்டு தனி, கப்பு தனி, தொட்டா கை கழுவணும், மத்தவங்க பொழங்குற எடத்துல வைக்கக் கூடாதுன்னு கடகடன்னு ஒப்பிச்சேன். எப்படிம்மா இவ்வளோ கரெக்டா சொல்றேன்னு சிஸ்டர் அசந்துட்டாங்க. வேலை செய்யுற வூட்ல பழக்கம்னேன். எத்தனை நாளு வச்சிருப்பாங்கன்னு கேட்டாங்க. வாயில வந்துட்டுது."

"சிரிச்சாங்களா?" என்றேன்.

"எல்லாரும். மார்க்கு போச்சு. அடுத்த மாசம் மறுபடி கேப்பாங்களாம்."

"ஊர்க்கதையெல்லாம் அங்க போயி ஒப்பிக்காத," என்று உள்ளேயிருந்து வந்தது லீலாவதியின் குரல். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்டதத்தான்மா சொன்னேன்."

அடுத்த வாரமே லீலாவதியின் கண் மஞ்சளாயிற்று. டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு, ஒட்டுகிற மஞ்சள்காமாலை, மூன்று வாரம் தட்டும் டம்ளரும் தனி என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. செங்கம்மாள் யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போனாள். படி இடியவில்லை.

கஞ்சியை ஆற்றி, பிடி உடைந்த கப்பில் கொண்டுவந்தாள்.

"இது உன் கப்பாச்சே," என்றாள் லீலாவதி.

"ஆமாம்மா. இந்த வூட்ல தனிக் கப்புன்னு இது ஒண்ணுதான இருக்குது. புதுசா எதுக்கு?"

லீலாவதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்க பாருங்கம்மா. எதுக்குத் தனியா வைக்கிறோம்னு பேஷண்டுக்கு எடுத்துச் சொல்லணும். அது ரூலு. கிருமி ஈரல்ல இருக்குது, மத்தவங்களுக்கு ஒட்டும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இருவத்தோரு நாளுல விட்ருவோம்."

ஆறு வருடத்தில் இதில் ஒரு வாக்கியத்தைக்கூட நாங்கள் அவளிடம் சொன்னதில்லை. லீலாவதி எழுந்து உட்கார்ந்து, கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பிடி இல்லாத கப்பை அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

கட்டிலுக்கு மேலே செங்கம்மாள் ஒரு சார்ட் ஒட்டியிருந்தாள். கோடு போட்டு நாலு கட்டம்: பெயர், நோய், தொடங்கிய நாள், முடிந்த நாள். நடுவில் ஒரு மாலை அவளை மறுபடி அழைத்துக் கேள்வி கேட்டார்கள். எத்தனை நாள் என்றதற்கு, "நோய் இருக்குற வரைக்கும்" என்று சொல்லித் தேறிவிட்டாள்.

இருபத்தோராம் நாள் கடைசிக் கட்டத்தில் தேதி எழுதினாள். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி. பெயர்: செங்கம்மாள். நோய் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. தொடங்கிய நாள்: 1975 ஆடி. முடிந்த நாள் என்பதில் அன்றைய தேதி.

"வரேன்மா. உப்பு கம்மியா சாப்புடுங்க சார்," என்றாள். கப்பைக் கழுவித் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.

பத்து நாளில் பாப்பம்மாள் வேலைக்கு வந்தாள். பால்கனி மாடத்தில் வேறொரு கப் வந்தது. இதற்குப் பிடி இருந்தது. லீலாவதி அதை முன்னேற்றம் என்று நம்பினாள். நானும்தான்.

போன பங்குனியில் லீலாவதி போய்விட்டாள். அவள் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் அந்த சார்ட் மடித்தபடி இருந்தது. கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருந்தாள் என்று கேட்க இனி ஆளில்லை. செங்கம்மாளின் வரியில் அந்த இரண்டாவது கட்டம் இன்னும் காலிதான். காலிக் கட்டத்தோடு வந்த எந்தப் படிவத்தையும் ஆபீஸில் நான் வாங்கியதில்லை. நிரப்பிக் கொண்டுவா என்று திருப்பிவிடுவேன்.

இதை யாரிடம் திருப்ப?